மனச்சோர்வு விலகிய பிறகும் எஞ்சி நின்றது: 37 வயதில் கண்டறியப்பட்ட ஏடிஎச்டி பற்றிய நிகழ்வு ஆய்வு

வயது வந்தோரிடம் காணப்படும் கவனக்குறை மிகையியக்கக் கோளாறு, அதாவது ஏடிஎச்டி, தன் சொந்தப் பெயரோடு மருத்துவரிடம் வருவது அரிது. மனச்சோர்வு, பதற்றம், தூக்கமின்மை, மணவாழ்க்கைப் பிணக்கு, வேலையிடத்தில் தரப்பட்ட எச்சரிக்கைக் கடிதம் என வேறு ஏதேனும் ஒன்றின் பேரில்தான் அது வந்து சேர்கிறது. அந்த வேறொன்றும் பெரும்பாலும் உண்மையானதாகவே இருப்பதால், அதற்குச் சிகிச்சை அளித்துவிட்டு அத்தோடு நின்றுவிடுவது எளிது. கீழே விவரிக்கப்படும் நிகழ்வு ஒரே நபரின் வரலாறு அன்று. யாரும் அடையாளம் காணப்படக் கூடாது என்பதற்காகப் பலருடைய அனுபவங்களை ஒன்றிணைத்து இது அமைக்கப்பட்டுள்ளது. எனினும் நோயறிதல் நடந்த வரிசையும் சிகிச்சையில் எழுந்த சிக்கல்களும் மருத்துவமனை அறைகளில் அன்றாடம் காணக்கூடியவையே.

வந்தபோது இருந்த நிலை

37 வயதுப் பெண், செவிலியர், திருமணமானவர், நான்கு வயதுக் குழந்தையின் தாய். பன்னிரண்டு ஆண்டுகள் அவசரச் சிகிச்சைப் பிரிவில் பணிபுரிந்து, அங்கே மிகச் சிறந்தவர் என்று பெயரெடுத்தவர். அந்தப் பெயரின் பேரிலேயே 20 மாதங்களுக்கு முன் வார்டு நிர்வாகப் பொறுப்புக்கு உயர்த்தப்பட்டார். ஆறு மாதங்களுக்குள் அழுகை, தன்னம்பிக்கைச் சரிவு, காலையில் எழுந்து வேலைக்குப் போக முடியாத நிலை ஆகியவை தொடங்கின. மனச்சோர்வு என்று கண்டறியப்பட்டு, எஸ்சிடலோப்ராம் என்ற மனச்சோர்வு மருந்து 10 மில்லிகிராமில் தொடங்கி 20 மில்லிகிராமுக்கு உயர்த்தப்பட்டது. மனச்சோர்வின் கடுமையை அளக்கும், 27-ஐ உச்ச அளவாகக் கொண்ட பிஎச்க்யூ-9 அளவுகோலில் அவருடைய மதிப்பெண் 17-இலிருந்து 7-க்கு இறங்கியது. ஆயினும் வேலை நகரவில்லை. ஆகவே, மருந்துக்கு முழுமையாகக் கட்டுப்படாத மனச்சோர்வு என்ற குறிப்புடன் அவர் மறுமதிப்பீட்டுக்கு அனுப்பப்பட்டார்.

முதல் சந்திப்பிலேயே அந்தக் குறிப்புடன் ஒத்துப்போகாத ஒன்று தென்பட்டது. மனச்சோர்வு உண்மையில் விலகத் தொடங்கியிருந்தது. அவர் சிரித்தார், குழந்தையைப் பற்றி உற்சாகமாகப் பேசினார், பசியும் ஆர்வமும் திரும்பியிருந்தன. எஞ்சியிருந்தவை சோகத்தைச் சேர்ந்தவையாக இல்லை. மாதாந்திர டூட்டி பட்டியல் ஒருமுறைகூட உரிய நாளில் வெளியாகவில்லை, தணிக்கை அறிக்கைகள் அரைகுறையாகக் கிடந்தன, அனுப்பப்படாத மின்னஞ்சல்கள் வரைவுகளாகக் குவிந்திருந்தன. “இப்ப அழுகை வரலை டாக்டர். ஆனா அந்த வேலை மட்டும் அப்படியே கிடக்கு,” என்றார். இந்த ஒரு வாக்கியம்தான் மதிப்பீட்டின் திசையை மாற்றியது.

டூட்டி பட்டியல் தயாரிக்கும் ஒரு காலைப்பொழுதை அவரிடமே விவரிக்கச் சொன்னபோது கிடைத்த சித்திரம் இது. காலை ஒன்பது மணிக்குக் கணினியில் பட்டியலைத் திறக்கிறார். மூன்றாவது பெயரை நிரப்பும்போது அந்தச் செவிலியர் விடுப்புக் கேட்டிருந்தது நினைவுக்கு வருகிறது. விண்ணப்பத்தைத் தேடப்போகும் வழியில், ஒரு நோயாளிக்கு ஊசிக்குழாய் ஏற்ற முடியாமல் இளைய செவிலியர் ஒருவர் தடுமாறுவதைக் காண்கிறார்; நின்று, ஒரே முயற்சியில் ஏற்றிக் கொடுக்கிறார். அங்கே மருந்து அலமாரியில் இருப்புக் குறைந்திருப்பது கண்ணில் படுகிறது. அதற்கான கோரிக்கையை எழுதத் தொடங்குகிறார். இடையில் தொலைபேசி அழைக்கிறது. பன்னிரண்டு மணிக்கு இருக்கைக்குத் திரும்பும்போது விடுப்பு விண்ணப்பம் கையில் இல்லை, கோரிக்கைப் படிவம் பாதியில் நிற்கிறது, திரையில் பட்டியல் அதே மூன்றாவது வரியில் இருக்கிறது. கெடு முடியும் நாளன்று இரவு பதினொரு மணிக்கு உட்கார்ந்து விடியற்காலை மூன்று மணிக்குள் முழுப் பட்டியலையும் ஒரே மூச்சில் முடித்துவிடுவார். அந்தப் பட்டியலில் பிழை அதிகம் இருக்காது என்பதுதான் மேலதிகாரிகளை மேலும் குழப்பியது. செய்யத் தெரிந்தவர் ஏன் செய்வதில்லை என்ற கேள்வி, மனம் வைக்கவில்லை என்ற முடிவில் போய் முடிந்தது.

வீட்டிலும் இதே நிலைதான். கட்டணங்கள் தாமதமாகி அபராதம் சேர்ந்தது. வங்கிக் கணக்கு வழக்குகள் முழுவதும் கணவரின் கைக்கு மாறின. சாவி, கைபேசி, கண்ணாடி ஆகியவற்றைத் தேடாத நாள் இல்லை. யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது இவருடைய கவனம் நழுவிவிடும். அதை மறைக்க, அவர்கள் முடிக்கும் முன்பே பதில் சொல்லிவிடுவார். நீண்ட கூட்டங்களில் உடல் அசையாமல் இருந்தாலும் உள்ளுக்குள் ஓயாத பரபரப்பு இருக்கும். சிறிய வாகன விபத்துகள் இரண்டு நடந்திருந்தன. இரண்டிலும் தவறு அவருடையதே.

வரலாறு எங்கே தொடங்கியது

இந்தப் பட்டியலைக் கேட்ட உடனே ஏடிஎச்டி என்று எழுதிவிடலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. ஆனால் இதே பட்டியலைத் தூக்கம் கெட்ட ஒருவரும், கடும் பதற்றத்தில் இருப்பவரும், தைராய்டு குறைபாடு உள்ளவரும் சொல்லக்கூடும். கவனச் சிதறல் காய்ச்சலைப் போலப் பல நோய்களுக்குப் பொதுவானது. வயது வந்தோரிடம் நோயறிதலைத் தாங்கி நிற்பது இன்றைய அறிகுறிகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் அவை வாழ்க்கையில் எப்போது தொடங்கின, எந்தெந்தக் காலத்தில் எதனால் மறைந்திருந்தன என்ற கால வரிசையே என்பது என் உறுதியான கருத்து.

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 வகைப்பாடு இதற்குத் தெளிவான வரையறைகளைத் தருகிறது. கவனக்குறைக்கு ஒன்பது அறிகுறிகளும், மிகையியக்கம் மற்றும் உந்துதல் செயல்களுக்கு ஒன்பது அறிகுறிகளும் அதில் உள்ளன. குழந்தைகளுக்கு ஏதேனும் ஒரு பிரிவில் ஆறு தேவை. 17 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஐந்து போதும். அவை ஆறு மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும்; வீடு, வேலை போன்ற இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சூழல்களில் தென்பட வேண்டும்; வாழ்க்கையைத் தெளிவாகப் பாதிக்க வேண்டும்; வேறொரு மனநோயால் இதைவிடப் பொருத்தமாக விளக்கப்படக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அறிகுறிகளில் பல 12 வயதுக்கு முன்பே இருந்திருக்க வேண்டும். முந்தைய பதிப்பில் இந்த எல்லை 7 வயதாக இருந்தது. பெரியவர்களால் அவ்வளவு இளம் வயதைத் துல்லியமாக நினைவுகூர முடிவதில்லை என்பதும், ஏழுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் தொடங்கியவர்களின் நிலை பெரிதாக வேறுபடவில்லை என்பதும் இந்த மாற்றத்துக்குக் காரணங்களாயின.

தன் குழந்தைப் பருவம் சாதாரணமானது என்றே அவர் சொன்னார். மதிப்பெண்கள் நன்றாக இருந்தன, ஆசிரியர்கள் புகார் சொன்னதில்லை. எனவே அவருடைய அனுமதியுடன் தாயாரும் அக்காவும் அடுத்த சந்திப்புக்கு அழைக்கப்பட்டனர். தாயார் கொண்டுவந்த எட்டு வயதிலிருந்து பதினொரு வயது வரையிலான பள்ளி அறிக்கை அட்டைகளில் மதிப்பெண்களுக்குக் கீழே இருந்த குறிப்புகள் ஆண்டுதோறும் ஒரே பொருளைத் திருப்பிச் சொல்லியிருந்தன: திறமை இருக்கிறது, கவனம் இல்லை, வகுப்பில் இருந்தும் வகுப்பில் இல்லை, எழுத்து வேலையை முடிப்பதில்லை. அக்கா சிரித்தபடி சொன்ன ஒரு செய்தி அதைவிட முக்கியமானது. “ராத்திரி இவ பையை நான்தான் அடுக்குவேன். இல்லேன்னா எதையாவது விட்டுட்டுப் போய் அழுதுட்டு வருவா. கல்யாணமாகி நான் போற வரைக்கும் அப்படித்தான்.” படிக்கும்போது அப்பா பக்கத்திலேயே நாற்காலி போட்டு அமர்ந்திருப்பார் என்றும், அவர் எழுந்து போனால் படிப்பும் நின்றுவிடும் என்றும் தாயார் சேர்த்துச் சொன்னார். அதை அவர்கள் யாரும் ஒரு பிரச்சினையாகக் கருதியதே இல்லை. கடைக்குட்டி என்ற செல்லமாகவே அது கடந்து போயிருந்தது.

இங்கிருந்து கால வரிசை தானாகவே தெளிந்தது. பையை அடுக்க அக்காவும் பக்கத்தில் அமர அப்பாவும் இருந்தவரை படிப்பு ஓடியது. 17 வயதில் வீட்டை விட்டுத் தனி அறையில் தங்கிப் படிக்கத் தொடங்கிய முதல் ஆண்டில் இரண்டு தாள்களில் தோல்வி. பிறகு செவிலியர் பயிற்சி விடுதிக்கு மாறியதும், எழுவது முதல் விளக்கணைப்பது வரை மணியடித்து நடக்கும் அந்த ஒழுங்கு அவரைத் தூக்கி நிறுத்தியது. அதன் பின் அவசரச் சிகிச்சைப் பிரிவு. அங்கே எதையும் திட்டமிட வேண்டியதில்லை. செய்ய வேண்டியது கண்ணெதிரே வந்து நிற்கும். பலன் சில நிமிடங்களில் தெரியும். அடுத்த வேலை தானாக வரும். ஏடிஎச்டி உள்ள பலர் இத்தகைய பணிகளில் மிகத் திறம்படச் செயல்படுவதைக் காணலாம். கவனம் என்ற ஆற்றல் அவர்களிடம் இல்லாமல் இல்லை. உடனடித் தூண்டுதலோ நெருக்கடியோ இல்லாத இடத்தில் அதைத் தாமாக எழுப்பிப் பிடித்து வைத்திருப்பதுதான் கடினமாக இருக்கிறது. பதவி உயர்வு அவரை, ஒரு மாதம் கழித்துப் பலன் தரும் வேலைகளின் நடுவே, நினைவூட்ட யாரும் இல்லாத அறையில் கொண்டுபோய் அமர்த்தியது. அதே காலத்தில் ஒரு சிறு குழந்தையின் அன்றாட ஒழுங்கையும் அவரே உருவாக்கித் தர வேண்டியிருந்தது.

ஐயங்களை ஒவ்வொன்றாக விலக்குதல்

பெரியவர்கள் தம் ஏடிஎச்டி அறிகுறிகளைத் தாமே பதிவு செய்ய உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு உருவாக்கப்பட்ட ஏஎஸ்ஆர்எஸ் வினாத்தாளின் முதல் ஆறு கேள்விகளில் ஐந்து, ஐயத்துக்குரிய பகுதியில் விழுந்தன. இணையத்தில் இன்று பலரும் தாமாகவே நிரப்பிப் பார்ப்பது இந்த வகை வினாத்தாளைத்தான். அதன் இடம் எது என்பதை ஒரு கணக்கு தெளிவாக்கும். உண்மையில் நோய் உள்ளவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேரைப் பிடித்து, நோய் இல்லாதவர்களில் தொண்ணூறு பேரைச் சரியாக விலக்கும் ஒரு சோதனை இருப்பதாகக் கொள்வோம். 1000 பேரில் 25 பேருக்கு ஏடிஎச்டி இருந்தால், அது ஏறக்குறைய 22 பேரைச் சரியாகக் காட்டும். நோய் இல்லாத 975 பேரில் ஏறத்தாழ 97 பேரைத் தவறாகக் காட்டும். அதாவது, உண்டு என்று காட்டப்பட்டவர்களில் ஐவரில் நால்வருக்கு அந்நோய் இருக்காது. வினாத்தாள் கதவைத் தட்டுவதற்கு உதவும். முடிவு சொல்வதற்கு உதவாது.

ஆகவே ஒவ்வொரு அறிகுறியையும் குழந்தைப் பருவத்துக்கும் தற்காலத்துக்கும் தனித்தனியாக, அன்றாட உதாரணங்களோடு கேட்கும் டிவா-5 என்ற கட்டமைக்கப்பட்ட நேர்காணல் நடத்தப்பட்டது. தற்காலத்தில் கவனக்குறையின் ஒன்பதில் எட்டும், மிகையியக்கப் பிரிவில் நான்கும் இருந்தன. குழந்தைப் பருவத்தில் முறையே ஏழும் மூன்றும். கவனக்குறை மேலோங்கிய வகை என்பதற்கு இது பொருந்தியது. வகுப்பில் ஓடித் திரிந்து இடையூறு செய்யும் சிறுவன் விரைவில் கவனிக்கப்படுகிறான். சன்னலருகே அமைதியாகக் கனவில் மூழ்கும் சிறுமி கவனிக்கப்படுவதில்லை. குழந்தைப் பருவத்தில் நோயறியப்படுவோரில் சிறுவர்களே பல மடங்கு அதிகம் என்றாலும், பெரியவர்களிடம் அந்த இடைவெளி வெகுவாகக் குறைந்துவிடுவதற்கு இது ஒரு பெரிய காரணம்.

மாற்று விளக்கங்களில் முதலில் நின்றது மனச்சோர்வு. கவனமும் முடிவெடுக்கும் திறனும் அதில் குன்றவே செய்யும். ஆனால் மனச்சோர்வு வரும், போகும். இவருடைய கவனக்குறை மனச்சோர்வுக்குப் பல பத்தாண்டுகள் முன்பே இருந்தது, மனச்சோர்வு தணிந்த பின்னும் இருந்தது. மனச்சோர்வும், மிதப் பித்து எனப்படும் மிதமான மிகையெழுச்சியும் மாறி மாறி வரும் இருமுனைக் கோளாறின் இரண்டாம் வகை அடுத்து வந்தது. கெடு நாளில் விடியும்வரை விழித்திருந்து வேலையை முடிக்கும் வேகத்தை மிதப் பித்து நிலையாகப் பொருள் கொள்ள இடமுண்டு. அந்த வேகம் கெடுவோடு முடிந்துவிடுகிறது, மறுநாள் அவர் களைத்துத் தூங்குகிறார், தூக்கத் தேவை நாட்கணக்கில் குறைந்த காலம் எதுவும் இல்லை, மிதமிஞ்சிய பெருமித உணர்வோ செலவுப் பெருக்கமோ இல்லை என்பதைக் கணவரும் உறுதிசெய்தார். குழந்தைப் பருவ அதிர்ச்சி, மது, போதைப்பொருள் குறித்துத் தனியே விசாரித்ததில் ஏதும் இல்லை. தைராய்டு, இரத்தச் சோகைக்கான சோதனைகள் இயல்பாக இருந்தன.

தூக்கம்தான் நேரம் எடுத்துக்கொண்டது. பல ஆண்டுகள் இரவு டூட்டி பார்த்தவர் என்பதால், இது முழுவதும் தூக்கக் கோளாறாகவே இருக்கலாம் என்ற வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. குறட்டையோ உறக்கத்தில் மூச்சுத் தடையோ இருந்ததற்கான அறிகுறி இல்லை. இரண்டு வாரத் தூக்கக் குறிப்பேட்டில், படுக்கும் நேரம் பெரும்பாலும் இரவு ஒன்றரை மணியாகவும், காபி நாளொன்றுக்கு ஆறு கோப்பையாகவும் பதிவாகியிருந்தது. மருந்தைப் பற்றி முடிவெடுக்கும் முன், ஆறு வாரங்கள் தூக்க நேரத்தைச் சீர்படுத்துவது என்று தீர்மானிக்கப்பட்டது. நண்பகலுக்குப் பின் காபி நிறுத்தப்பட்டது. எழும் நேரம் நிலையாக்கப்பட்டது. காலை வெயிலில் நடை சேர்க்கப்பட்டது. படுக்கும் நேரம் பதினொன்றரைக்கு வந்தது, காலை மந்தம் நீங்கியது, எரிச்சல் குறைந்தது. ஆனால் டூட்டி பட்டியல் மூன்றாவது வரியிலேயே நின்றது. இந்த ஆறு வாரங்களை வீண் தாமதம் என்று கருதுவோர் உண்டு. மாதக்கணக்கில் காத்திருப்புப் பட்டியலில் நின்று வந்தவரிடம் மேலும் காத்திருங்கள் என்று சொல்வது கடினம்தான். ஆயினும் தூக்கம் கெட்ட மூளைக்கு, ஏடிஎச்டிக்குத் தரப்படும் ஊக்கி மருந்தைக் கொடுத்து, அதனால் கிடைக்கும் விழிப்பை நோயறிதலுக்குச் சான்றாகக் கொள்வதைவிட இது நேர்மையானது.

கணினியில் நடத்தப்பட்ட தொடர் கவனச் சோதனையில் அவர் இயல்பான மதிப்பெண் பெற்றார். அது நோயறிதலை மறுப்பதாகாது. அமைதியான அறை, பழக்கமில்லாத புதிய பணி, பக்கத்தில் ஒரு தேர்வாளர், இருபது நிமிடத்துக்கும் குறைவான நேரம் என அந்தச் சோதனை அமையும் சூழலே ஏடிஎச்டி உள்ளவரின் மூளைக்குச் சாதகமானது. அப்பாவின் நாற்காலி அங்கேயும் போடப்பட்டிருக்கிறது என்றே சொல்லலாம். மூளை ஸ்கேனும் இதற்கு உதவாது: ஏடிஎச்டி உள்ள பெருந்தொகையினரைச் சேர்த்து ஒப்பிடும்போது சில மூளைப் பகுதிகளின் அளவில் சிறு வேறுபாடு சராசரியாகத் தெரிந்தாலும், தனி ஒருவரின் ஸ்கேனைப் பார்த்து நோயைச் சொல்ல இயலாது.

குழந்தைப் பருவச் சான்றை இவ்வளவு வலியுறுத்துவது ஏன் என்ற கேள்விக்கு ஆய்வுலகிலேயே ஒரு விவாதம் நடந்திருக்கிறது. நியூசிலாந்தின் டுனீடின் நகரில் பிறப்பிலிருந்து பின்தொடரப்பட்ட குழுவைப் பற்றி 2015-இல் வெளியான ஆய்வு, 38 வயதில் ஏடிஎச்டி அறிகுறிகள் கொண்டிருந்தவர்களில் சுமார் 90 விழுக்காட்டினருக்குக் குழந்தைப் பருவத்தில் அந்நோய் பதிவாகவில்லை என்று காட்டியது. பெரியவர்களிடம் புதிதாகத் தொடங்கும் ஒரு ஏடிஎச்டி உண்டோ என்ற ஐயம் எழுந்தது. ஆனால் அமெரிக்காவில் ஏடிஎச்டி கொண்ட குழந்தைகளுக்கான சிகிச்சைகளை ஒப்பிட்ட எம்டிஏ ஆய்வில், ஏடிஎச்டி இல்லாத ஒப்பீட்டுக் குழுவைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2018-இல் வெளிவந்த பகுப்பாய்வில், தாமதமாகத் தொடங்கியதாகத் தோன்றியவற்றில் பெரும்பாலானவற்றைப் போதைப்பொருள் பயன்பாடோ வேறு மனநலப் பிரச்சினையோ விளக்கிவிட்டது. 2021-இல் வந்த உலகளாவிய தொகுப்பு மதிப்பீட்டிலும் இந்த வேறுபாடு தெரிகிறது. குழந்தைப் பருவத் தொடக்கத்தை வலியுறுத்திக் கணக்கிட்டால் வயது வந்தோரில் சுமார் 2.6 விழுக்காடு, தற்கால அறிகுறிகளை மட்டும் எண்ணினால் சுமார் 6.8 விழுக்காடு. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர்களுக்கும் துன்பம் இருக்கிறது. ஆனால் அவர்களுக்குத் தேவைப்படும் சிகிச்சை வேறாக இருக்கக்கூடும்.

நோயின் பெயரைக் கேட்டபின்

முடிவைச் சொன்னபோது அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “இத்தனை வருஷமா நான் பொறுப்பில்லாதவள்னு நானே நம்பிட்டேன் டாக்டர்,” என்றார். இந்த நிம்மதியைத் தொடர்ந்து கோபமும், கைநழுவிய ஆண்டுகளைப் பற்றிய துக்கமும் வருவது வழக்கம், இவருக்கும் வந்தது. அதற்கு இரண்டு சந்திப்புகள் முழுமையாக ஒதுக்கப்பட்டன. கணவரின் கவலை வேறு. “மாத்திரை போட்டா இவ இவளாவே இருப்பாளா டாக்டர்? அந்தக் கலகலப்பு போயிடாதே?” என்று கேட்டார். மருந்தின் அளவு மிகும்போது சிலருக்கு உணர்ச்சி மழுங்கியதுபோல் ஆவது உண்டு, அப்படி ஆனால் அளவைக் குறைத்தாக வேண்டும், அதை முதலில் கவனிக்கக்கூடியவர் நீங்கள்தான் என்று அவருக்கே ஒரு பொறுப்பு தரப்பட்டது.

மரபுவழி குறித்தும் இருவரும் கேட்டனர். இரட்டையர் ஆய்வுகளின் தொகுப்பில் ஏடிஎச்டியின் மரபுவழிப் பங்கு ஏறத்தாழ 74 விழுக்காடு என மதிப்பிடப்பட்டுள்ளது. எனினும் இது ஒற்றை மரபணுவின் வேலை அன்று. 2023-இல் வெளியான மரபணுத் தொகுதி ஆய்வு, அதனோடு தொடர்புடைய 27 இடங்களை மரபணுத் தொகுதியில் சுட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. நான்கு வயதுக் குழந்தைக்குச் சோதனை எதுவும் தேவையில்லை, பள்ளிப் பருவத்தில் சிரமம் தென்பட்டால் தாமதிக்காமல் வந்தால் போதும் என்று விளக்கப்பட்டது.

மருந்து

மெத்தில்ஃபெனிடேட் 1944-இலேயே உருவாக்கப்பட்ட ஊக்கி மருந்து. நரம்பணுக்கள் வெளியிடும் டோபமின், நார் எபிநெஃப்ரின் என்ற வேதிப்பொருள்கள் மீண்டும் உறிஞ்சப்படுவதைத் தடுத்து, திட்டமிடுதலுக்கும் தற்கட்டுப்பாட்டுக்கும் உரிய முன்மூளை வலையமைப்புகளில் அவற்றின் இருப்பை அது கூட்டுகிறது. 133 சோதனைகளைத் தொகுத்து 2018-இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வெளியான பகுப்பாய்வில், பெரியவர்களிடம் ஆம்ஃபெடமின் வகை ஊக்கி மருந்துகளின் விளைவளவு (வெற்று மாத்திரையைவிட மருந்து எவ்வளவு கூடுதல் பலன் தருகிறது என்பதற்கான எண்) 0.79 என்றும், மெத்தில்ஃபெனிடேட்டின் விளைவளவு 0.49 என்றும் கணிக்கப்பட்டன. பிரிட்டனின் நைஸ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு லிஸ்டெக்ஸாம்ஃபெடமின் அல்லது மெத்தில்ஃபெனிடேட்டை முதல் தெரிவாகப் பரிந்துரைக்கிறது. ஆம்ஃபெடமின் வகைகள் பல நாடுகளில் கிடைப்பதில்லை; இங்கே மெத்தில்ஃபெனிடேட் தேர்ந்தெடுக்கப்பட்டது.

தொடங்கும் முன் இரத்த அழுத்தம், நாடித் துடிப்பு, எடை ஆகியவை பதிவு செய்யப்பட்டன. மயக்கம், நெஞ்சு வலி, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் ஆகியவை பற்றியும், கண் அழுத்த நோய் பற்றியும், கருத்தரிக்கும் எண்ணம் பற்றியும் கேட்கப்பட்டது. இதய நோய்க்கான அறிகுறியோ குடும்ப வரலாறோ இல்லாததால் ஈசிஜி தேவைப்படவில்லை. எஸ்சிடலோப்ராம் அப்படியே தொடர்ந்தது. மருந்தை மெதுவாக வெளியிடும் வகை மாத்திரை நாளுக்கு 18 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு வாரத்தில் 36-க்கும் பின்னர் 54-க்கும் உயர்த்தப்பட்டது. 54-இல் நாடித் துடிப்பு 74-இலிருந்து 96-க்கு ஏறியது. மதிய உணவு இறங்கவில்லை. மாலையில் மருந்தின் வேகம் அடங்கும் நேரத்தில் எரிச்சல் வந்தது. ‘ஆள் ரொம்ப அமைதியாயிட்டா’ என்று கணவரும் சொன்னார். அளவு 36-க்கு இறக்கப்பட்டு அங்கேயே நிறுத்தப்பட்டது.

அந்த அளவில் கிடைத்த மாற்றத்தை அவர் விவரித்த விதம் எந்த அளவுகோலையும்விடத் தெளிவானது. “ஒரு மெயிலைத் திறந்தேன், படிச்சேன், பதில் எழுதினேன், அனுப்பினேன், மூடினேன். நடுவில எழுந்துக்கவே இல்லை.” பன்னிரண்டு ஆண்டுகள் உயிர்காக்கும் பணியைத் தவறாமல் செய்தவருக்கு ஒரு மின்னஞ்சலை முடித்தது பெருஞ்செய்தியாக இருந்தது.

உடன் பணிபுரியும் ஒருவர், இரவு டூட்டிக்கு விழித்திருக்க ஒரு மாத்திரை கேட்டார் என்பதை அவரே மூன்றாம் சந்திப்பில் சொன்னார். இது அரிதன்று. தமக்கு எழுதித் தரப்பட்ட ஊக்கி மருந்தைப் பிறருக்குத் தருவது பெறுபவரின் இதயத்துக்கும் மனநலத்துக்கும் ஆபத்தானது. பல நாடுகளில் சட்டப்படி குற்றமும்கூட. மருந்தைப் பணியிடத்துக்குக் கொண்டுபோகாமல் காலையில் வீட்டிலேயே உட்கொள்வது என்று ஏற்பாடாயிற்று.

மருந்து செய்யாத வேலை

மூன்றாம் மாதத்தில் எதிர்பாராத ஒரு புகார் வந்தது. அலுவலகக் கோப்பு அலமாரியை நிறவாரியாக அடுக்குவதில் மூன்று மணி நேரம் ஆழ்ந்து போய்விட்டார். அன்று அனுப்ப வேண்டிய அறிக்கை அனுப்பப்படவில்லை. மருந்து கவனத்தைப் பிடித்து நிறுத்துகிறது. எதன்மீது நிறுத்துவது என்பதை அது தெரிவு செய்வதில்லை. குழந்தைப் பருவத்திலிருந்தே திட்டமிடும் பழக்கம் பிறர் கையில் இருந்துவிட்டவருக்கு அதைப் பயிற்சியால்தான் சேர்க்க முடியும். ஏடிஎச்டிக்கென வடிவமைக்கப்பட்ட அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை இதற்காகவே இருக்கிறது. மருந்து உட்கொண்டும் அறிகுறி எஞ்சியிருக்கும் பெரியவர்களிடம் அது கூடுதல் பலன் தருவது கட்டுப்படுத்தப்பட்ட சோதனைகளில் காட்டப்பட்டுள்ளது.

உளவியலாளருடன் நடந்த 12 அமர்வுகளில் எல்லாம் சம அளவில் பயன்படவில்லை. பலவகைச் செயலிகளும் வண்ணக் குறிப்பேடுகளும் வந்து போயின. புதுமை தீர்ந்ததும் கைவிடப்பட்டன. நிலைத்தவை மிக எளியவை. எல்லாப் பணிகளும் ஒரே குறிப்பேட்டில் ஒரே பட்டியலாக எழுதப்பட்டன. முடிக்க வேண்டிய நாளுக்குப் பதிலாகத் தொடங்க வேண்டிய நேரம் நாட்காட்டியில் குறிக்கப்பட்டது. டூட்டி பட்டியல் தயாரிப்பது விடுப்புகளைத் திரட்டுதல், இரவு டூட்டிகளை நிரப்புதல், மீதியை நிரப்புதல், சரிபார்த்தல் என்று நான்காகப் பிரிக்கப்பட்டு, நான்குக்கும் தனித்தனிக் கெடு வைக்கப்பட்டது. அந்த இடைக் கெடுக்களைத் தனக்குத்தானே வைத்துக்கொண்டபோது அவை பலிக்கவில்லை. மேலதிகாரிக்கு அந்தந்தப் பகுதியை அனுப்பியாக வேண்டும் என்று ஆனதும் பலித்தன. செவ்வாய்க்கிழமை காலை எட்டு முதல் பத்து வரை தொலைபேசி வேறொருவர் கையில், கதவு சாத்தப்பட்ட அறையில், தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும் ஒரு சக ஊழியரின் அருகில் அமர்ந்து பட்டியலைத் தயாரிப்பது என்ற ஏற்பாட்டை மருத்துவமனை நிர்வாகம் ஏற்றது. வாரத்தில் இரண்டு அரை நாட்கள் அவசரச் சிகிச்சைப் பிரிவில் இளையவர்களுக்குப் பயிற்சி அளிக்கும் பணியும் தரப்பட்டது. இந்தக் கடைசி மாற்றத்தையே நான் மிக முக்கியமானதாகக் கருதுகிறேன். ஒருவரின் குறையைச் சரிசெய்வதிலேயே முழுச் சிகிச்சையும் கரைந்துவிடும்போது, அவர் சிறந்து விளங்கிய இடம் அவர் வாழ்விலிருந்து நீங்கிவிடுகிறது. மனச்சோர்வு மீண்டும் நுழைவது அந்த வழியாகத்தான்.

கணவரோடு ஒரு தனி அமர்வு நடந்தது. நாள் முழுவதும் நினைவூட்டிக்கொண்டே இருந்ததில் அவர் கண்காணிப்பாளராகவும் மனைவி தப்பிக்கப் பார்ப்பவராகவும் மாறிப்போயிருந்தனர். நினைவூட்டல்களை எல்லாம் விட்டுவிட்டு, ஞாயிறு மாலை இருபது நிமிடம் இருவரும் அமர்ந்து வரும் வாரத்தைப் பேசிக்கொள்வது என்று முடிவாயிற்று. முதல் மாதத்தில் அது இருமுறை சண்டையில் முடிந்தது, பிறகு நிலைபெற்றது.

ஓராண்டுக்குப் பின்

பன்னிரண்டு மாதங்களில் ஒன்பது முறை டூட்டி பட்டியல் உரிய நாளில் வெளியானது. பிஎச்க்யூ-9 மதிப்பெண் 4. மனச்சோர்வு தணிந்து ஆறு மாதங்களுக்கு மேல் நிலைத்திருந்ததால் எஸ்சிடலோப்ராம் படிப்படியாகக் குறைக்கப்பட்டு நிறுத்தப்பட்டது. கவனக்குறையால் நாள்தோறும் நேர்ந்த தோல்விகளே மனச்சோர்வை ஊட்டி வளர்த்தன என்ற கணிப்புக்கு இது ஒத்துப்போனது. வாகனம் ஓட்டும் நாட்களில் மருந்தைத் தவறவிடக் கூடாது என்ற அறிவுரையை அவர் கடைப்பிடிக்கிறார். சுமார் 23 லட்சம் ஏடிஎச்டி நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், மருந்து பெற்ற மாதங்களில் வாகன விபத்துக்காக அவசரச் சிகிச்சைக்கு வரும் வாய்ப்பு, மருந்து பெறாத மாதங்களைவிட ஆண்களிடம் 38 விழுக்காடும் பெண்களிடம் 42 விழுக்காடும் குறைவாக இருந்தது.

எஞ்சியவையும் உண்டு. சாவி இன்னும் தொலைகிறது. மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் மருந்து சரியாக வேலை செய்வதில்லை என்பதைக் குறிப்பேடு காட்டியது. ஈஸ்ட்ரஜன் என்ற ஹார்மோன் குறையும் காலத்தில் அறிகுறிகள் கூடுவதைப் பல பெண்கள் சொல்கின்றனர். அந்த வாரத்தில் தணிக்கை வேலைகளை வைத்துக்கொள்ளாமல் இருப்பது என்ற எளிய தீர்வே இப்போதைக்கு ஏற்கப்பட்டது. ஏடிஎச்டி கொண்ட குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2022-இல் வெளியான ஆய்வில், சுமார் 25 வயதுவரை பார்த்ததில் நோய் முழுமையாக நீங்கி அப்படியே நிலைத்தவர்கள் சுமார் 9 விழுக்காட்டினரே. பெரும்பாலோருக்கு அது கூடியும் குறைந்தும் வந்தது. எனவே நல்ல ஓராண்டைக் குணமடைந்ததாகக் கொள்ளாமல், சூழல் மாறும்போதெல்லாம் மறுமதிப்பீடு செய்வது என்று அவருடன் பேசி வைக்கப்பட்டுள்ளது.

அந்த மாற்றங்களில் முதலாவது இப்போதே வந்திருக்கிறது. பதினான்காம் மாதச் சந்திப்பில், இரண்டாவது குழந்தைக்கு விரும்புவதாக இருவரும் சொன்னார்கள். கர்ப்பத்தின் தொடக்கத்தில் மெத்தில்ஃபெனிடேட் உட்கொண்டவர்களின் குழந்தைகளிடம் இதயப் பிறவிக் குறைபாடுகள் சிறு அளவில் கூடுதலாகக் காணப்பட்டதைப் பெரிய பதிவேட்டு ஆய்வு ஒன்று காட்டியுள்ளது. தனி ஒருவருக்கு அந்த ஆபத்து குறைவானதே; மறுபுறம் மருந்தை நிறுத்துவதாலும் வேலை, வாகனம் ஓட்டுதல், மனநிலை ஆகியவற்றில் ஆபத்து உண்டு. இரண்டையும் எடைபோட்ட பின், கருத்தரிக்க முயலும் முன்பே மருந்தை நிறுத்திவிடுவது என்பது அவருடைய முடிவு. அந்தக் காலத்துக்கு டூட்டி பட்டியல் பொறுப்பைத் துணைச் செவிலியர் ஒருவருடன் பகிர்ந்துகொள்ள நிர்வாகம் எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறது. வாகனம் ஓட்டுவதைக் கணவர் ஏற்கிறார். உளவியலாளருடன் மாதம் ஒரு அமர்வு மீண்டும் தொடங்குகிறது. நான்கு வாரத்துக்கு ஒருமுறை பிஎச்க்யூ-9 எடுக்கப்படும்; மதிப்பெண் இருமுறை தொடர்ந்து 10-ஐத் தாண்டினால் மருந்து பற்றிய முடிவு மறுபடி பேசப்படும். பிரசவத்துக்குப் பிந்தைய முதல் ஆறு மாதங்களுக்கு, தூக்கத்தை யார் எப்படிப் பகிர்ந்துகொள்வது என்பதுதான் அடுத்த சந்திப்பில் பேசவிருக்கும் பொருள். அக்காவையும் அதற்கு அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.